தைக்கும்போது கேட்க தமிழ் ஒலிநூல்: மாசம் நூறு ரூபாய்க்குள்ள முடியுமா?

ஓவர்லாக்_அக்கா (திருப்பூர்):
வணக்கமுங்க. வீட்டுலயே ஓவர்லாக் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கறேன், பீஸ் ரேட்டுக்கு. கட்டு வந்து எறங்குச்சுன்னா கையும் கண்ணும் துணியை விட்டு நகராது. காது மட்டும் சும்மா கெடக்குது. முந்தி லைப்ரரில எடுத்து நாவலா படிச்சுத் தள்ளுவேன், இப்ப அதுக்கு நேரமில்லீங்க. அதான் படிக்கறதுக்குப் பதிலா கேக்கலாம்னு பாத்தா, ஒண்ணும் ஒழுங்கா அமைய மாட்டேங்குது.

யூடியூப்ல கதை வெச்சா ஸ்கிரீன் அணைஞ்சதும் நின்னுக்குது. அணையாம வெச்சா மத்தியானத்துக்குள்ள சார்ஜ் காலி, நடுவுல வெளம்பரம் வேற கத்துது. தங்கச்சி பையன் மெமரி கார்டுல எம்பி3யா ஒரு நாவல் போட்டுக் குடுத்தான். அது 1 முடிஞ்சதும் 10, 11னு ஓடுது, 2 எங்கயோ போய்க் கெடக்குது. கொஞ்ச நேரத்துல அதுவும் தானா நின்னுக்குது. சரி, பிடிஎஃப் எடுத்துப் போனையே படிக்கச் சொல்லலாம்னு பாத்தா இங்கிலீஷ் எழுத்தா ஏதோ ஒளறுது.

போன் 32 ஜிபி ஆண்ட்ராய்டு. கல்கி கதை மாதிரி பெருசா இருந்தா நல்லாருக்கும். நூறு ரூபாய்க்கு மேல மாசம் ஒதுக்க முடியாதுங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆண்ட்ராய்டு_அண்ணாச்சி (பாளையங்கோட்டை):
அக்கா, உங்க போன்ல ஒரு கோளாறும் கிடையாது. பாட்டு கேக்குத பிளேயர்ல புத்தகம் கேக்குறீங்க, அதான் சோலி. பாட்டு பிளேயர் ஃபைலுக்குள்ள எழுதியிருக்க தலைப்பைப் பாத்து எழுத்து வரிசைல அடுக்கும். அதுக்கு 1க்கு அடுத்து 10தான், 2 இல்ல. நிறுத்துன இடமும் அதுக்கு ஞாபகம் இருக்காது.

ப்ளே ஸ்டோர்ல ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர்னு ஒண்ணு இருக்கு, வாய்ஸ்னு இன்னொண்ணு இருக்கு. ரெண்டுல எதையாவது போடுங்க. மெமரி கார்டுல ஒரு ஃபோல்டர் வச்சு, அதுக்குள்ள புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டரா பிரிச்சுப் போடுங்க. அந்தப் பெரிய ஃபோல்டரை ஆப்புக்குக் காட்டிட்டா போதும். அப்பவும் வரிசை குழம்புனா ஃபைல் பேரை 01, 02னு மாத்துங்க. நூறு அத்தியாயத்துக்கு மேல போனா 001னு ஆரம்பிக்கணும்.

தானா நிக்குறது பேட்டரி மிச்சம் பிடிக்க போன் பண்ணுத வேலை. செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல அந்த பிளேயர், அதுல பேட்டரின்னு போனா மூணு தேர்வு இருக்கும். கட்டுப்பாடு இல்லைன்னு இருக்கறதை வைங்க. சில கம்பெனி போன்ல ஆட்டோ ஸ்டார்ட்னு தனியா ஒரு இடம் இருக்கும், அதையும் ஆன் பண்ணணும்.

32 ஜிபிக்குப் பயப்படாதீங்க. ஒலித் தரத்தை கேபிபிஎஸ்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, பேச்சுக் குரலுக்கு 64 தாராளம், ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி கிட்டத்தான் ஆகும். 128ல வச்சா இடம் ரெண்டு மடங்கு போகும், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்க மிஷின் சத்தத்துல சுத்தமா தெரியாது.

பழையபுத்தகக்கடை:
கல்கி வேண்டும் என்றால் பணமே தேவையில்லை, சகோதரி. அவர் காலமானது 1954இல். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. அதற்கு வெகு முன்பே தமிழ்நாடு அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியும் விட்டது. புதுமைப்பித்தன், கு.ப.ரா. எல்லாம் இதே கணக்குதான். அதனால் இவர்களை யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவேற்றலாம், பலர் ஏற்றியும் இருக்கிறார்கள். யூடியூபிலும் பாட்காஸ்ட் ஆப்களிலும் கதைப் பெயரோடு ஒலிநூல் என்று சேர்த்துத் தேடுங்கள்.

பாட்காஸ்டாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். ராத்திரி பக்கத்து வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டால் பகலில் டேட்டாவே வேண்டாம், ஸ்கிரீன் அணைந்தாலும் ஓடும். யூடியூபில் ஸ்கிரீனை அணைத்துக் கேட்பதற்குப் பிரீமியம் சந்தா கட்ட வேண்டும். கதைக்காக மட்டும் அதைக் கட்டுவது வீண்.

லிப்ரிவாக்ஸ் என்று ஒன்று உண்டு. 2005இல் தொடங்கியது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தருகிறார்கள். ஆங்கிலத்தில் கடல்போல இருக்கிறது, தமிழில் கொஞ்சம்தான். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

என் அபிப்பிராயம் ஒன்று. ஆப்பைத் தேடாதீர்கள், குரலைத் தேடுங்கள். எடுத்த எடுப்பில் பொன்னியின் செல்வனுக்குப் போக வேண்டாம், ஐந்து பாகம். பத்தாவது அத்தியாயத்தில் வாசிப்பவரின் குரல் சலித்துவிட்டால் கதையே சலித்துவிடும். முதலில் ஒரு சிறுகதை கேளுங்கள். அந்தக் குரல் பிடித்தால் அவர் வேறென்ன வாசித்திருக்கிறார் என்று பார்த்துப் போங்கள்.

ஓசிமன்னன்:
எதுக்கு இவ்ளோ பாடு? டெலிகிராம்ல தேடுங்க, எல்லாமே கொட்டிக் கெடக்கு. ஒரு பைசா ஆகாது.

பழையபுத்தகக்கடை:
தம்பி, கல்கியின் எழுத்து பொதுவுடைமை. அதை ஒருவர் தொண்டை வற்ற வாசித்து எடுத்த பதிவு பொதுவுடைமை இல்லை. ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு உரிமை உண்டு. தமிழில் ஒலிநூல் செய்பவர்களே சொற்பம், அவர்கள் வயிற்றிலும் அடித்தால் நாளைக்குக் கேட்க என்ன இருக்கும்? அக்கா கேட்டதோ சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிற பொருள். குறுக்கு வழி எதற்கு?

ஓவர்லாக்_அக்கா:
அண்ணாச்சி, வாய்ஸ் போட்டேனுங்க, வரிசை சரியாயிருச்சு. நிக்கறதும் நின்னுபோச்சு. புத்தகக்கடை அண்ணா, நீங்க சொன்னபடி சிறுகதைல இருந்து ஆரம்பிக்கறேன்.

அந்த பிடிஎஃப் ஒளறல் ஏன்னு யாரும் சொல்லலியே? எங்க ஊரு எழுத்தாளருங்க புத்தகமெல்லாம் யாரும் வாசிச்சு வெக்கலீங்க. போனே படிச்சா உண்டு.

ஒலிவாசகி (மதுரை):
இதற்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, படிப்பதெல்லாம் இயந்திரக் குரலில்தான்.

உங்கள் பிடிஎஃப் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையில் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், போனுக்கு அது ஆங்கிலம். பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் கிறுக்கலாக வந்தால் இதுதான் காரணம். கணினி இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றால் மாற்றலாம். ஒட்டவே எதுவும் கிடைக்கவில்லை என்றால் அது வெறும் படம், ஸ்கேன் செய்தது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் திணறும், சில பக்கங்களாகப் பிரித்துக் கொடுங்கள்.

அதைவிட, முதலிலேயே நல்ல கோப்பாக எடுப்பது மேல். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் ஏராளம், பக்கத்தின் மேலேயே இபப் என்ற மின்னூல் கோப்பாக இறக்கும் வசதி இருக்கிறது. தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் இருக்கிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் இன்றைய எழுத்தாளர்கள் சிலர் தாங்களே இலவசமாகக் கொடுத்த நூல்கள் கிடைக்கும். உங்கள் ஊர்க்காரர்கள் யாராவது அங்கே இருக்கலாம்.

இறக்கியதை ரீட்எரா என்ற ஆப்பில் திறந்து, சத்தமாகப் படி என்பதை அழுத்துங்கள். அதற்கு முன்பு செட்டிங்ஸில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்று தேடி, கூகுளின் தமிழ்க் குரலை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே படிக்கும். இன்னும் மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரில் விக்கிமூலத்தின் பக்கத்தைத் திறந்து ரீட் அலவுட் கொடுங்கள். பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள். அதற்கு இணையம் வேண்டும்.

டாக்பேக்கை மட்டும் தெரியாமல் ஆன் செய்துவிடாதீர்கள். அது எங்களைப் போன்றவர்களுக்கானது. தொடுவதையெல்லாம் படிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். பழகாதவர்கள் போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவார்கள்.

பழையபுத்தகக்கடை:
அம்மா சொல்வது உபயோகமான வழிதான். ஆனால் இயந்திரக் குரலில் கதை கேட்பது உப்பில்லாப் பண்டம். வந்தியத்தேவனும் நந்தினியும் ஒரே தொனியில் பேசினால் எப்படி ரசிப்பது?

ஒலிவாசகி:
ஐயா, மனிதக் குரலில் வரும்வரை காத்திருந்தால் நான் வாழ்நாளில் கால்வாசிப் புத்தகம்கூடப் படித்திருக்க மாட்டேன். யாரும் நடிக்காமல் படிப்பதில் ஒரு சுகமும் உண்டு. நந்தினியின் குரலை நானே வைத்துக்கொள்வேன். செய்யுளை மட்டும் இயந்திரத்திடம் கொடுக்காதீர்கள், எங்கே மூச்சு விடுவது என்று அதற்குத் தெரியாது. கட்டுரை, பயணக்கதை, வாழ்க்கை வரலாறு எல்லாம் நன்றாகவே படிக்கும். புதிதாகக் கேட்பவர்கள் வேகத்தைக் குறைத்து ஆரம்பியுங்கள், காது பழகியதும் கூட்டிக்கொள்ளலாம்.

படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது பார்வைக் குறைபாடு உள்ளவர் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தமிழ் நூல்களும் இருக்கின்றன. அச்சுப் புத்தகம் படிக்க இயலாதவர்களுக்கு மட்டும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் எங்கள் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் எங்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

கணக்குப்பிள்ளை:
பணம் கட்டிக் கேட்பது பற்றி யாரும் பேசவில்லை. விலை அடிக்கடி மாறுவதால் தொகை சொல்லவில்லை, எதற்குப் பணம் வாங்குகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

ஆடிபிளில் மாதக் கட்டணத்துக்கு ஒரு கிரெடிட். அதைக் கொடுத்து எடுத்த புத்தகம், சந்தாவை நிறுத்திய பிறகும் உங்களுடையது. ஸ்டோரிடெல் அப்படி இல்லை. கட்டும்வரை கேட்கலாம், நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். நாள் முழுக்கக் கேட்பவருக்கு ஒரு கிரெடிட் சில நாளில் தீர்ந்துபோகும், ஓடும் சந்தாதான் கட்டுப்படியாகும். எப்போதாவது கேட்பவருக்கு இது தலைகீழ். குக்கூ எஃப்எம்மில் புத்தகச் சுருக்கங்களும் தொடர்கதைகளும்தான் அதிகம். முழு நாவல் தேடுகிறவர் சேருமுன் பட்டியலைப் பார்த்துக்கொள்ளவும். பாக்கெட் எஃப்எம்மில் முதல் சில பகுதிகள் இலவசம், கதை சூடுபிடித்ததும் காயின் கேட்கும். பீஸ் ரேட்டில் சம்பாதிப்பவர் பீஸ் ரேட்டில் கதை கேட்டால் கட்டுப்படியாகாது.

முக்கியமானது இனிமேல்தான். ஒரு ரூபாய்க்கு முயன்று பாருங்கள் என்று வரும் இடத்தில் யுபிஐ ஆட்டோபேக்கும், அதாவது கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்வதற்கும், சேர்த்தே சம்மதம் வாங்குவார்கள். என் மைத்துனர் கணக்கில் இப்படித்தான் ஓராண்டுச் சந்தா மொத்தமாகப் போனது, அதுவும் ஆப்பை நீக்கிய பிறகு. ஆப்பை நீக்குவதால் சந்தா நீங்காது. பணம் கட்டப் பயன்படுத்திய யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால் ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற இடத்தில்.

அக்காவுக்கு என் யோசனை: நாட்டுடைமைக் கதைகள் தீரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். அது தீரவே நாளாகும்.

தோபாயோ_தமிழன் (சிங்கப்பூர்):
இங்க இருக்கறவங்களுக்கு ஒரு வரி. தேசிய நூலக வாரிய உறுப்பினரா இருந்தா லிபி (Libby) ஆப்ல ஒலிநூல் இலவசமா இரவல் எடுக்கலாம். ஆங்கிலம் எக்கச்சக்கம். எம்ஆர்டி ரயில்ல போக வர எனக்கு அதுவே போதும்.

ஓவர்லாக்_அக்கா:
எல்லாருக்கும் நன்றிங்க. எட்ஜ்ல வள்ளுவர் குரலு நல்லாவே படிக்குது. எங்க மாமியா பக்கத்துல உக்காந்து நூல் வெட்டிட்டே கேக்கறாங்க.

பொன்னியின் செல்வன் பம்பாய் கண்ணன் குழு நாடகமா பண்ணுனதுன்னு ஒருத்தர்கிட்ட சிடி இருக்குது, கேட்டுப் பாத்தேன். பிரமாதம், ஆனா மிஷின் ஓடறப்ப மியூசிக்குக்கு அடியில பேச்சு அமுங்கிப் போயிருது. சத்தம் கூட்டுனா காது வலிக்குது. அதோட நான் ஒரு காதுலதான் மாட்டுவேன், ஊசி ஒடையற சத்தம் கேக்கணுமில்லீங்களா. ஒரு காதுல மாட்டுனா சில ஆளுங்க பேசறது சன்னமா கேக்குது. ஹெட்செட்டு போயிருச்சோ?

ஆண்ட்ராய்டு_அண்ணாச்சி:
ஹெட்செட்டு நல்லாத்தான் இருக்கும்க்கா. நாடகத்துல ஒரு ஆளை இடது பக்கமும் இன்னொரு ஆளை வலது பக்கமும் தள்ளி வச்சிருப்பாங்க. செட்டிங்ஸ்ல அணுகல்தன்மை, அதுல ஆடியோன்னு போனா மோனோ ஆடியோ இருக்கும். ஆன் பண்ணுங்க, எல்லாரும் ஒரே காதுல வந்துருவாங்க.

சத்தத்தை ரொம்பக் கூட்டாதீங்க. 80 டெசிபெல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்தான் காதுக்கு எல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உங்களுக்கு மிஷின் சத்தமே தனியா இருக்கு. காதுக்குள்ள ரப்பர் வச்சு அடைக்குத மாதிரி இயர்போன் வாங்குங்க, அதுல கொஞ்ச சத்தத்துலயே வெளங்கும். நாடகத்தைக் கட்டு இறங்காத நாளுக்கு வச்சுக்கிடுங்க. மிஷின் ஓடும்போது ஒத்தக் குரல்ல, மியூசிக் இல்லாம வாசிக்கறதைப் போடுங்க.

ஓவர்லாக்_அக்கா:
மோனோ போட்டாச்சு, கேக்குதுங்க. ரெண்டு புத்தகம் மாத்தி மாத்திக் கேட்டா நிறுத்துன எடம் அழிஞ்சிருமா?

ஆண்ட்ராய்டு_அண்ணாச்சி:
அழியாது. ஃபோல்டருக்கு ஒரு இடம் தனியா ஞாபகம் வச்சிருக்கும். ஃபோல்டர் பேரை மட்டும் நடுவுல மாத்திராதீங்க.