ஸ்கேஃபோல்டுக்குத் தமிழ்: 'சாரக்கட்டு' பொருந்துமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

எலும்பில் விழுந்த பெரிய இடைவெளியை அடைக்க மஜ்ஜை உயிரணுக்களை ஏற்றி வைக்கும் நுண்துளைத் தாங்கியாகிய ஸ்கேஃபோல்டுக்குத் தாங்கள் முன்வைத்த 'சாரக்கட்டு' எளிய சொல்தான். ஆயினும் அது தவறான காட்சியை மனத்தில் எழுப்புகிறது என்று கருதுகிறேன். சாரம் சுவருக்கு வெளியே நிற்பது. பூச்சு முடிந்ததும் அவிழ்த்து எடுக்கப்படுவது. இதுவோ இடைவெளிக்கு உள்ளேயே பொருத்தப்பட்டு, தன் நுண்துளைகளில் உயிரணுக்கள் ஒட்டிப் பெருகிக் கொலாஜன் என்னும் புரதத்தைச் சுரந்து அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படியும்வரை தாங்கி நின்று, பின் உள்ளேயே கரைந்துவிடுகிறது அல்லது புது எலும்போடு இருந்துவிடுகிறது.

பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தோம். ஆகவே எனக்கு முதலில் தோன்றியது, பழுத்த புழுக்களைக் கூடு கட்ட விடும் மூங்கில் தட்டியாகிய 'சந்திரிகை'. பொருத்தமும் உண்டு: தருமபுரி அங்காடியில் ஏலம் போகும் அதே கூட்டைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்க வைத்து, செரிசின் என்னும் பசையை நீக்கினால் எஞ்சுகின்ற ஃபைப்ராயின் புரதம், இவ்வகை ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. ஆனால் கூட்டைப் பறித்தபின் சந்திரிகையும் தனியே எஞ்சிவிடும். புழு வளர்க்காதவர்க்கோ அச்சொல் நிலவொளியையே குறிக்கும். மனமின்றிக் கைவிட்டேன்.

'படர்சட்டகம்' என்பதே என் முன்மொழிவு. வினைத்தொகையாதலால் படர்ந்த, படர்கின்ற, படரும் என மூன்று காலமும் அதில் அடங்கும். உயிரணுக்களோடு இரத்த நாளங்களும் உள்ளே படர வேண்டும் என்பதற்காகவே துளைகளை 100 மைக்ரோமீட்டருக்குக் குறையாமலும், இயன்றால் 300-க்கு மேலும் அமைக்கிறார்கள். நாளங்கள் எட்டாவிட்டால் நடுவில் உள்ள உயிரணுக்கள் ஆக்சிஜன் இன்றி மடிந்துவிடும். 'கரைதல்' பெயரில் இடம்பெற வேண்டாமா என்று தாங்கள் கேட்கக்கூடும். கொலாஜனாலும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானாலும் ஆனவை கரைவது உண்மையே. ஆனால் உயர் வெப்பத்தில் சுட்டெடுத்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம் பல ஆண்டுகள் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவானது படர்தல் ஒன்றே. பட்டுப் படர்சட்டகம், பவளப் படர்சட்டகம் என அடைமொழியும் இயல்பாக ஒட்டுகிறது.

எலும்பில் விழும் அந்த இடைவெளியைக் குறிக்கும் 'எலும்புக் குறைபாடு' என்ற மற்றொரு சொல்லையும் தவிர்க்க வேண்டுகிறேன். ஒகேனக்கல் குடிநீர் வருமுன் ஆழ்குழாய் நீரின் ஃபுளோரைடால் எலும்பு வளைந்தவர்களைக் கண்ட எங்கள் மாவட்டத்தில், அத்தொடரைக் கேட்டால் அந்த நோயே நினைவுக்கு வரும். விபத்தாலோ கட்டியை அகற்றியதாலோ எலும்பின் ஒரு துண்டு இல்லாமற்போன இடத்தை, பொக்கை வாய் என்னும் வழக்கையொட்டி, 'எலும்புப் பொக்கை' எனலாம். அறுவை மருத்துவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதத் தயங்கும் அளவுக்கு அது பேச்சுவழக்காகத் தோன்றுகிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.