ஜெரோமின் கழுத்துக் கருப்பு: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

ராணி (தங்கச்சிமடம்): அக்கா, ஜெரோமின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் போட்டிருக்கிறேன், பாருங்கள். டாக்டர் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்று எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு 13 வயதுதான் ஆகிறது. சுகர் வந்துவிட்டதா?

ஜெயா (ராமநாதபுரம்): பயப்படாதே ராணி. சுகர் இன்னும் வரவில்லை. வெறும் வயிற்றில் 103 இருக்கிறது. 100-க்குள் இருக்க வேண்டும், 126-ஐத் தொட்டால்தான் சுகர் என்போம். ஆனால் சும்மா விட்டுவிடுகிற சீட்டும் இல்லை. வயிற்றுக் கொழுப்பு, சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, பிரஷர் இவற்றில் சில சேர்ந்து சரியில்லாமல் இருப்பதைத்தான் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்பார்கள். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 182, அது அதிகம். நல்ல கொழுப்பு 36, அது குறைவு. இடுப்பு அளந்தார்களா?

ராணி: 84 செ.மீ. உயரம் 150. பிரஷர் சரியாக இருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் கருப்பாக இருப்பதைப் பார்த்துத்தான் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அம்மா (குரல் பதிவு, ஷீபா எழுதியது): எலுமிச்சம்பழம், பயத்தமாவு எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. போகமாட்டேன் என்கிறது.

ஜெயா: அது அழுக்கு இல்லை அம்மா. தேய்த்தால் புண்தான் ஆகும். வயிற்றில் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். ரத்தத்தில் சுற்றும் அந்த இன்சுலின்தான் கழுத்திலும் அக்குளிலும் தோலைத் தடிக்க வைத்துக் கருக்க வைக்கிறது. க்ரீம் எதுவும் வாங்க வேண்டாம். இடுப்பு குறைந்து இன்சுலின் இறங்கினால் கருப்பும் மெல்ல மங்கும்.

அந்தோணி (பாம்பன்): அக்கா, நாம் கடல்மீன் சாப்பிடுகிற ஆட்கள். இதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வருவது இல்லையா?

ஜெயா: அவன் கடைசியாக எப்போது மீன் சாப்பிட்டான் என்று ராணியிடம் கேள்.

ராணி: முள் எடுக்க வேண்டும் என்று தொடவே மாட்டான். ராத்திரி புரோட்டா சால்னா. ட்யூஷன் முடிந்து வரும்போது பெட்டிக்கடையில் ஒரு கலர், ஒரு சிப்ஸ் பாக்கெட்.

அந்தோணி: அதுவும் சரிதான். நல்ல மீன் கம்பெனிக்குப் போய்விடுகிறது. தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கையில் காசும் இருக்காது. பிள்ளைகள் அழுதால் பத்து ரூபாய் பாக்கெட்டைத்தான் வாங்கிக் கொடுக்கிறோம்.

ஷீபா: அத்தை, இது எங்கள் பாடத்திலேயே வருகிறது. 2016-18-ல் மத்திய அரசு நாடு முழுக்க எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் பத்தில் ஒருவர் சுகருக்கு முந்திய நிலையில் இருந்தார்கள். 5 முதல் 9 வயதில் மூன்றில் ஒரு குழந்தைக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். இத்தனைக்கும் அந்த வளரிளம் பிள்ளைகளில் எடை கூடியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். நாலில் ஒருவர் ஒல்லி!

ஜெயா: அதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். உலகம் முழுக்க 5 முதல் 19 வயதுக்காரர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-ல் நூற்றுக்கு இரண்டு பேர், 2022-ல் எட்டுப் பேர். நம் நாட்டில் கூடுதல் சிக்கல், எடைமெஷின் மட்டும் பார்த்தால் தெரியாது. கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் போட்டிருக்கும். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தே காட்டியிருக்கிறார்கள்: நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஜெரோம் பிறந்தபோது எடை எவ்வளவு?

அம்மா (குரல் பதிவு): ரெண்டு கிலோ சொச்சம்தான் இருந்தான். ஊட்டி ஊட்டி வளர்த்த பிள்ளை. இப்போதுதான் கொழுகொழுவென்று ஆளாகியிருக்கிறான், கண்ணு வைக்காதீர்கள்.

ஜெயா: அம்மா, நீங்கள் வளர்த்ததில் ஒரு குறையும் இல்லை. சிறுத்துப் பிறந்து, பிறகு சீக்கிரமாக எடை ஏறும் பிள்ளைகளுக்குத்தான் இது வர வாய்ப்பு அதிகம். அதனால் அவனைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அம்மா (குரல் பதிவு): சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி போட்டுக் காப்பி தரட்டுமா?

ஜெயா: கருப்பட்டியும் சர்க்கரைதான் அம்மா. பதநீரும் அப்படித்தான். அளவாக இருக்கட்டும். முதலில் நிறுத்த வேண்டியது அந்தக் கலர். 250 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை வந்துவிடும். ஒரு முழு ஆளே நாள் முழுக்க அதற்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலகச் சுகாதார அமைப்பு.

ராணி: அவனுக்கு மட்டும் தனியாகச் சமைக்கவா அக்கா?

ஜெயா: கூடவே கூடாது. அவனை மட்டும் ஒதுக்கினால் ஒளித்துத் தின்னப் பழகுவான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. சோறு கொஞ்சம் குறையட்டும், காய் கூடட்டும். சூடையோ காரலோ, மலிவாக எது கிடைக்கிறதோ அதைக் குழம்பு வை. கொஞ்ச நாளைக்கு நீயே முள் எடுத்துக் கொடு. தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாட வேண்டும். ட்யூஷனை மாற்றினாலும் பரவாயில்லை, விளையாட்டை விடாதே. போன் ராத்திரி உன் அறையில் இருக்கட்டும். குண்டா என்று யாரும் கூப்பிட வேண்டாம், இந்தக் குழுவிலும்தான்.

ஷீபா: மாத்திரை வேண்டாமா அத்தை?

ஜெயா: இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சீட்டில் இருக்கிறது. டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார், அதைத் தவறவிடாதீர்கள்.

அந்தோணி: என் வீட்டுப் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது?

ஜெயா: வலை பின்னுகிற நூலில் ஒரு துண்டு எடு. உச்சியிலிருந்து பாதம் வரை அளந்து வெட்டு. அதைச் சரிபாதியாக மடித்து, பிள்ளை மூச்சை விட்ட பிறகு தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்று. முனை இரண்டும் சேர்ந்தால் நல்லது. எட்டவில்லை என்றால் ரத்தம் பார்க்க வேண்டும். ஆறு வயதுக்கு மேல் எல்லோருக்கும் பார்க்கலாம்.

அந்தோணி: பார்த்துவிட்டேன் அக்கா. சின்னவனுக்குச் சேர்ந்தது. ஷீபாவுக்கும் சேர்ந்தது. நடுவில் உள்ளவனுக்கு நாலு விரல் எட்டவில்லை.

ஜெயா: சனிக்கிழமை காலை அழைத்து வா. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடட்டும். காலையில் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், பாலும் வேண்டாம்.

அந்தோணி: சரி அக்கா. முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறோம்.