ஏழாம் வகுப்பு மகன் தானாக அமர்ந்து வீட்டுப்பாடம் எழுத என்ன செய்யலாம்?

கேள்வி (சைதாப்பேட்டையிலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் நாலரை மணிக்கே பள்ளியிலிருந்து வந்துவிட்டாலும், வீட்டுப்பாட நோட்டைத் திறப்பது இரவு ஒன்பதரைக்குத்தான். அதற்குள் அவனுக்குக் கண் சொக்கிவிடுகிறது. எனக்கோ அடுப்படி வேலை முடிந்திருக்காது. சென்ற வாரம் நான்கு பின்னக் கணக்குகளை நானே போட்டுக் கொடுத்து, அவன் அவற்றைப் பார்த்து எழுதினான். அன்று மனம் மிகவும் சங்கடப்பட்டது. டியூஷனில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். யாரும் சொல்லாமலே அவன் படிக்க அமர வேண்டும் என்பதுதான் என் விருப்பம். வீடு ஓர் அறையும் கூடமும்தான். மாலை முழுவதும் தொலைக்காட்சி ஓடும். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, வில்லிவாக்கம்)

அன்புச் சகோதரி, முதலில் கணக்குப் போட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். மூன்றில் இரண்டையும் நான்கில் மூன்றையும் கூட்டச் சொன்னால், தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 5/7 என்று எழுதும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறு நோட்டில் இருந்தால்தான், "கூட்டிய பிறகு விடை முக்காலைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி?" என்று ஆசிரியர் கேட்க முடியும், பிள்ளையும் அந்த இடத்தில் நின்று யோசிக்கும். தாய் போட்ட சரியான விடையில் பிள்ளையின் குழப்பம் மறைந்துபோகிறது. ஆகவே, தெரிந்த வரை அவனே எழுதட்டும். "உதவியின்றி எழுதியது" என்று டைரியில் ஒரு வரி குறித்து அனுப்புங்கள். நோட்டு சில நாள் அரைகுறையாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (இரண்டு பிள்ளைகளின் தந்தை, அசோக் நகர்)

ஆசிரியை அம்மா சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி விட்டு வந்தவுடன் படி என்பது கொடுமை. சிற்றுண்டி, விளையாட்டு, கைகால் கழுவுதல், பிறகு அதே பாயில் அதே மூலையில் இருபது நிமிடம் என்ற வரிசை மாறாதிருந்தால் போதும். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் இயல்பாகப் படிய நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. அவர்கள் பார்த்தது பெரியவர்களின் உணவு, உடற்பயிற்சிப் பழக்கங்களை என்றாலும், ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்று அவர்கள் கண்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் மகளுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடித்தன. முதல் மாதம் அருகிலேயே அமர்ந்திருந்தேன். பிறகு அறைக்கு வெளியே. பிறகு முடிந்ததும் நோட்டைப் பார்ப்பது மட்டும்.

மறுமொழி (கல்லூரி மாணவி)

நீங்கள் சைதாப்பேட்டையில் இருப்பதால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் அருகில்தான். சிறுவர் பிரிவு தனியாக உண்டு. சனிக்கிழமைகளில் ஒருமுறை அழைத்துச் சென்று பாருங்கள், அக்கா. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை ரஃப் நோட்டில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அது நீண்ட நாள் மனத்தில் தங்குகிறது.

கேள்வி கேட்டவர் (பன்னிரண்டு நாட்களுக்குப் பின்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரின் தொடர் ஏழு மணிக்குத் தொடங்குவதால், ஆறிலிருந்து ஏழு வரை தொலைக்காட்சியை நிறுத்த அவரே ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு நாட்களில் மூன்று நாட்கள் தவறிவிட்டன. நேற்று ஐந்து கணக்குகளில் இரண்டு தவறு. ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பியிருந்தார். அவற்றில் ஒன்றை அவனே மீண்டும் போட்டுத் திருத்திவிட்டான். மற்றொன்று இன்னும் புரியவில்லை என்று, நாளை வகுப்பில் கேட்பதற்காக அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறான். டியூஷன் பேச்சை அரையாண்டுத் தேர்வு வரை தள்ளிவைத்துவிட்டோம்.