வாலடைல் போட்டால் போதுமா?

காலிவீதி_கெர்னல்:
"கிளாங்கில் என் கெர்னல் பூட் ஆகிறது, ஜிசிசியில் ஆகவில்லை, ஆகவே ஜிசிசிதான் பிழை" என்று, இரண்டு சி கம்பைலர்களையும் ஒப்பிட்டு நேற்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் போட்ட அசெம்ப்ளி வரியைப் பார்த்தேன். இண்டரப்ட் அட்டவணையின் அளவையும் (லிமிட்) முகவரியையும் (பேஸ்) வைத்திருக்கும் ஐடிடிஆர் ஸ்ட்ரக்ட் ஃபங்ஷனுக்குள் லோக்கலாக இருக்கிறது. அதன் முகவரியை மட்டும் ரெஜிஸ்டரில், அந்த விவரத்தை சிபியுவில் ஏற்றும் எல்ஐடிடி கட்டளைக்குக் கொடுத்திருக்கிறார். அசெம்ப்ளி நினைவகத்தைத் தொடும் என்று கம்பைலருக்குச் சொல்லும் மெமரி கிளாபர் இல்லை. அந்த முகவரியில் இருப்பதை அசெம்ப்ளி வாசிக்கப்போகிறது என்று கம்பைலருக்கு யார் சொன்னது? ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டதும், யாரும் வாசிக்காத ஸ்ட்ரக்ட் என்று லிமிட்டையும் பேஸையும் எழுதும் ஸ்டோர்களை ஜிசிசி தூக்கிவிடும். எல்ஐடிடி குப்பையை ஏற்றும். முதல் இண்டரப்டிலேயே சிபியுவை ரீசெட் ஆக்கும் ட்ரிப்பிள் ஃபால்ட், கியூஎமு எமுலேட்டர் திரும்பத் திரும்ப ரீபூட்.

கொட்டாஞ்சேனை_99:
அந்த ஒருவர் நான்தான். நேரே கேட்டிருக்கலாமே. வாலடைல் போட்டிருக்கிறேன், கண்ணில் படவில்லையா? ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0-வில் ஜிசிசியிலும் ஓடுகிறது.

காலிவீதி_கெர்னல்:
வாலடைல் என்றால் அந்த அசெம்ப்ளியைத் தூக்காதே என்றுதான் பொருள். ஸ்ட்ரக்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஓ0-வில் கம்பைலர் எதையும் தூக்குவதில்லை, அதனால் ஓடுகிறது. கிளாங் உம்மேல் இரக்கப்பட்டு விட்டுவைத்ததை நீர் சாட்சிக்குக் கூப்பிடாதீர்.

பம்பலப்பிட்டி_பிட்:
கிளாங்கின் பெருமையைப் பேசாதீர்கள். 2018-இல் லினக்ஸ் 4.17 எக்ஸ்86-இல் அசெம்ப்ளியிலிருந்து சி லேபலுக்குத் தாவ விடும் அசெம் கோட்டூவைக் கட்டாயமாக்கியபோது கிளாங்கிடம் அது இல்லை. 2019-இல் கிளாங் 9 வரும்வரை காத்திருந்தோம். ஜிசிசியில் அது 2010-இலேயே, 4.5-இல் வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை_99:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் கோட்டூவே பாவிக்கவில்லை. வாலடைல் போட்டிருக்கிறேன்.

காலிவீதி_கெர்னல்:
தம்பி, முகவரியை விட்டு ஸ்ட்ரக்டையே எம் (மெமரி) ஆபரண்டாகக் கொடும், அசெம்ப்ளி அதை வாசிக்கும் என்று கம்பைலருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மெமரி கிளாபர்கூடத் தேவையில்லை.

பம்பலப்பிட்டி_பிட்:
பொறுங்கள் அண்ணை. முதலில் கிளாபர் இல்லாததுதான் பிழை என்றீர்கள். இப்போது அது தேவையே இல்லையா?

காலிவீதி_கெர்னல்:
இரண்டில் ஒன்று வேண்டும் என்கிறேன். இதுகூட விளங்காமலா லிங்கர் ஸ்கிரிப்ட் பிரச்சினையில் என்னோடு மூன்று நாள் மல்லுக்கட்டினீர்கள்?

பம்பலப்பிட்டி_பிட்:
லிங்கர் ஸ்கிரிப்டில் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் சொல்வேன்.

காலிவீதி_கெர்னல்:
அதைப் பிறகு பார்ப்போம். கொட்டாஞ்சேனைத் தம்பி, ஓ2 பைனரியை அசெம்ப்ளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்பில் போட்டு, எல்ஐடிடிக்கு மேலே லிமிட்டை எழுதும் மூவ் கட்டளை இருக்கிறதா என்று பாரும்.

கொட்டாஞ்சேனை_99:
பார்க்க ஒன்றுமில்லை. வாலடைல் போட்டிருக்கிறேன். கிளாங்கில் பூட் ஆகிறது.