குவாட்ரூபோல் காந்தம்: துருவ முனையை வட்டமாகக் கடைந்தால் போதுமா?

முதுநகர் மாணவி:
எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்கு ஒரு குவாட்ரூபோல் (துகள் கற்றையைக் குவிக்கும் நான்கு துருவ மின்காந்தம்) செய்கிறேன். 3 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் புரோட்டான் கற்றைக்கான கணக்கு. கற்றை போகும் துளையின் ஆரம் 20 மி.மீ, புலச் சரிவு (மையத்திலிருந்து விலக விலகப் புலம் கூடும் வீதம்) மீட்டருக்கு 10 டெஸ்லா, நீளம் 10 செ.மீ. குவியத் தூரம் 25 செ.மீ வருகிறது. முனை அதிபரவளையமாக (ஹைப்பர்போலா வளைவாக) இருக்க வேண்டும் என்கிறது பாடம். கடலூரில் கேட்ட பட்டறையில் வட்ட வில்லாகத்தான் தருவார்களாம். போதுமா? இன்னொன்று, கிடைமட்டத்தில் குவிக்கிற காந்தம் செங்குத்தில் விரிக்கிறதே, அப்புறம் கற்றை எப்படிக் குவியும்?

மேட்டுப்பாளையம் வயர்கட்:
ஏம்மா வட்டம்? புதுச்சேரி தொழிற்பேட்டைக்கு வாங்க. டிராயிங் கொடுத்தால் மின்பொறியால் கம்பி கொண்டு வெட்டும் வயர்கட் மிஷினுக்கு எந்த வளைவும் ஒன்றுதான்.

லாஸ்பேட்டை பெரியவர்:
காந்தம் அளப்பதே என் வேலையாக இருந்தது, அதனால் சொல்கிறேன். வளைவை விட நான்கு முனையும் ஒத்திருப்பதுதான் முக்கியம் அம்மா. நான்கும் ஒரே மாதிரி விலகினால் 12 துருவப் பிழை வரும், அதாவது 12 துருவக் காந்தத்தின் புலம் கொஞ்சம் கலக்கும். அது மையத்தருகே மிகச் சிறியது, முனை ஓரத்தைச் சீவியே குறைக்கலாம். ஒரு துருவம் மட்டும் 0.1 மி.மீ உள்ளே தள்ளி உட்கார்ந்தால் 6 துருவப் புலம் கலந்துவிடும், காந்த மையமும் நகரும். தனித்தனியாக வெட்டி போல்ட் போட்டுச் சேர்க்காதே. காந்தத்தின் இரண்டு பாதியை டவல் பின் (இடம் பிசகாமல் பிடிக்கும் முளை) போட்டுச் சேர்த்த பிறகு, நான்கு முனையையும் ஒரே செட்டிங்கில் வெட்டச் சொல்.

துருவத்துக்கு சுமார் 1,600 ஆம்பியர் சுற்று (கரண்ட்டைக் காயிலின் சுற்று எண்ணிக்கையால் பெருக்கியது) வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையிலேயே சுற்றித் தருவார்கள். தண்ணீர்க் குளிர்ச்சி இல்லாவிட்டால் அளக்கும்போது மட்டும் கரண்ட் கொடு. மையத்திலிருந்து 5 மி.மீ தள்ளி ஹால் புரோபில் (காந்தப் புலம் அளக்கும் கருவி) 500 காஸ், அதாவது 0.05 டெஸ்லா, காட்டினால் சரி.

இரண்டாவது கேள்விக்கு: இன்னொரு காந்தத்தை 90 பாகை திருப்பி அடுத்து வை. குவிக்கிற காந்தத்தைக் கடக்கும்போது துகள் அச்சிலிருந்து அதிகம் விலகியிருக்கும், விரிக்கிறதில் குறைவாக. விலகலுக்கு ஏற்றபடிதான் தள்ளும் விசை, அதனால் குவிப்பே வெல்லும். 1952இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கூரன்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் மூவரும் வெளியிட்டது இது. ஏதென்ஸில் கிறிஸ்டோஃபிலோஸ் அதற்கு முன்பே கண்டிருந்தார், அந்தப் பெயரை விட்டுவிடாதே. உன் காந்தங்களை மையத்துக்கு மையம் 20 செ.மீ வைத்தால், தோராயமாக 31 செ.மீ குவியத் தூரம் இரண்டு தளத்திலும் கிடைக்கும்.

முதுநகர் மாணவி:
நன்றி ஐயா. அண்ணா, 100 மி.மீ கனத்தை ஒரே வெட்டில் வெட்ட முடியுமா? எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்புதான்.

மேட்டுப்பாளையம் வயர்கட்:
முடியும்மா, நேரம் பிடிக்கும். தண்ணீரில் வெட்டுகிறோம், இங்கே கடற்காற்று வேறு. வெட்டி எடுத்த கையோடு எண்ணெய் தடவணும், இல்லையென்றால் முனையில் துரு ஏறிவிடும்.