வண்டிக்குப் பாலம், பில்லுக்குக் கட்டில்

குழு: கொருக்குப்பேட்டை வீடு

நான், காலை 11.20
காரைப் பார்க்க வந்தவர் இப்போதுதான் கிளம்பினார். மூன்று லட்சம் சொன்னோம். இரண்டு அறுபதுக்கு மேல் ஏற மறுக்கிறார். சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லையே என்பதுதான் அவர் பிடி.

அப்பா, 11.24
2016இல் வாங்கியதிலிருந்து தவறாமல் ஆயில் மாற்றிய வண்டி. காகிதத்துக்கு நாற்பதாயிரமா?

நான், 11.31
காகிதம் மட்டும் இல்லை, அப்பா. டிரைவர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்து முகர்ந்து பார்த்தார். மிதியடியைத் தூக்கி, கீழே விரலால் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வண்டி எங்கே நிற்கும்?” என்றார். கொருக்குப்பேட்டை என்றதும் முகம் மாறிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, அதனால்தான் பில்லை மறைக்கிறோம் என்று நினைக்கிறார்.

அம்மா, 11.33
மூழ்கியது பில்தானே! வண்டி இல்லையே!

திருவொற்றியூர் சித்தி, 11.34
என்னக்கா சொல்கிறாய்?

அம்மா, 11.38
மிக்ஜாம் புயல் மழை வலுக்கும் முன்பே இவர் காரைக் கொண்டுபோய் மிண்ட் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டார். ஆர்.சி., பாலிசி எல்லாம் பீரோ மேல்தட்டில். சர்வீஸ் பில் மட்டும் துணிக்கடைப் பையில், கட்டிலுக்கு அடியில். தண்ணீர் வடிந்த பிறகு எடுத்தால் கூழ்.

அப்பா, 11.39
அதை ஏன் இப்போது இழுக்கிறாய்?

சித்தி மகன், 11.41
மெக்கானிக்கிடம் வெற்று பில் புத்தகம் இருக்குமே. தேதி மாற்றி மாற்றி எழுதி வாங்கிவிடலாம்.

ராயபுரம் மாமா, 11.42
ஒரே பேனா, ஒரே கையெழுத்து, கசங்காத தாள், ஒன்பது வருடம்! சீட் பெல்ட்டை முகர்ந்தவர் இதை நம்புவாரா? பேசாமல் இரு.

ராயபுரம் மாமா, 11.55
மாப்பிள்ளை, பெயர் மாற்றத்துக்கு சர்வீஸ் பில் தேவையே இல்லை. 29, 30 படிவங்கள், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று இவைதான் முக்கியம். பில் பேரத்துக்குத்தான். 2020 வரை கம்பெனி சர்வீஸில்தானே விட்டீர்கள்? வண்டி எண்ணைச் சொன்னால் அவர்கள் கணினியில் பழைய கணக்கு கிடைக்கும். ஆர்.சி. நகலோடு அப்பாவே நேரில் போகட்டும். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்பதும் அதில் வரும். மீட்டரைத் திருப்பினார்களோ என்ற சந்தேகம் அதோடு போய்விடும். அதற்குப் பிந்தைய கணக்குக்கு நம் தெரு மெக்கானிக்கைக் கேள். பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு?

நான், 11.58
50 சதவீதம்.

ராயபுரம் மாமா, 12.01
குறைந்தது ஐந்து வருடம் இன்சூரன்ஸ் கிளெய்ம் எடுக்காதவருக்குத்தான் பிரீமியத்தில் அந்தத் தள்ளுபடி கிடைக்கும். இஞ்சினுக்குள் வெள்ளம் போயிருந்தால் யாராவது கைக்காசு போட்டுச் சரிசெய்வார்களா?

அம்மா, 12.02
இவர் செய்வார்.

புதன்

நான், மாலை 6.10
கம்பெனி சர்வீஸில் இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். மெக்கானிக்கின் நோட்டையும் படம் எடுத்துவிட்டேன். கிரீஸ் கறைக்கு நடுவில் நம் வண்டி எண் எங்கேயும் இல்லை. “வெள்ளை வேகன் ஆர், குடை சார்” என்றுதான் எழுதியிருக்கிறார். தேதியும் தொகையும் மட்டும் சரியாக இருக்கின்றன. நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் எதுவுமே இல்லை.

அப்பா, 6.12
ஊரடங்கு. வண்டி நகரவே இல்லை. அதையும் அவரிடம் அப்படியே சொல். மழுப்பாதே.

திருவொற்றியூர் சித்தி, 6.13
குடை சாரா?

அம்மா, 6.20
என் பழைய போனில் கிடைத்தது, பாருங்கள். 📷

நான், 6.22
மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டுக்குக் குடை பிடிக்கிறார். அவர் நனைந்து நிற்கிறார்!

அப்பா, 6.23
சரி, போதும்.

நான், இரவு 8.45
எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பினேன். “குடை பிடிப்பவர் யார்?” என்று கேட்டார். வண்டிக்காரர் என்றேன். சிரித்துவிட்டார். இரண்டு எண்பத்தைந்து.

அப்பா, 8.47
கொடுத்துவிடு.

ராயபுரம் மாமா, 8.52
விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், மறக்காதே. ஃபாஸ்டாக்கை மூடு. கையெழுத்துப் போட்ட எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவை.

அம்மா, 8.53
நகலை எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியிலா?

அப்பா, 8.55
பீரோவில்.