பாதி கட்டிய ஜெனித் சிஎச் 701: வாங்கும் முன் யாரிடம் காட்டுவது?

வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம். பக்கத்து ஊர் அரிசி ஆலை குடோனில் பாதியில் நிற்கும் ஜெனித் சிஎச் 701 கிட் (நாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டும் சிறு விமானம்) ஒன்று விலைக்கு வருகிறது. கட்டியவர் வெளிநாட்டில், அவர் அண்ணன் விற்கிறார். இறக்கையும் வாலும் முடிந்திருக்கின்றன, உடல்பகுதி பாதி. ரோடாக்ஸ் 912 எஞ்சின், 80 குதிரைத்திறன், 2014-ல் வாங்கியது, ஓடவே இல்லை. 5 வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும் என்பதால் அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

உறுத்துவது இடது இறக்கை. தார்ப்பாயை விலக்கினால், ஈரச் சுவரை ஒட்டிக் கிடந்த ஸ்பாரில் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் உத்திரம்) ரிவெட் வரிசை நெடுக வெள்ளைப் பொடி, அலுமினியம் அரித்த அடையாளம். நகத்தால் சுரண்டினால் குழி தட்டுப்படுகிறது. ரிவெட்டுக்குள் இருக்கும் எஃகுத் தண்டும் துருப்பிடித்துப் பழுப்பாகக் கசிந்திருக்கிறது. இறக்கையின் முதுகெலும்பே ஸ்பார்தான். இதில் குத்துமதிப்பு ஆகாது.

விற்பவரிடம் கட்டுமானக் குறிப்பேடு கேட்டேன், வால் வரைக்கும்தான் இருக்கிறது. டிங்கர் பட்டறையில் காட்டினால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியில் விசாரித்தேன், பதிவு இல்லாத விமானத்தைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். கிட் நிறுவனத்துக்குப் படங்கள் அனுப்பினேன், பதில் வரவில்லை.

மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். பாலக்காடு, பொள்ளாச்சி, கோவைப் பக்கம் அலுமினிய விமான வேலையில் கைப்பழக்கம் உள்ள லைசென்ஸ் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் யாராவது நேரில் வந்து இந்த ஸ்பாரைப் பார்த்துச் சொல்வாரா?